லிப்ட் ரிப்பேர்

கோரிப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
என் அறை.
ஜன்னலை மூடினாலும் உள்ளே ஏறிவிடும்
'பெரியார் பெரியார்' என்று கூவும் கண்டக்டரின் குரல்.
ஒரு மணல்தொட்டி உண்டு.
ஆற்றுமணல் இப்போது கிடைப்பதில்லை;
எப்போதோ தம்பி சிலைமானில் வீடு கட்டி மிஞ்சியதை
மூன்று முறை அலசிக் காயவைத்தேன்.
அப்படியும் எங்கிருந்தோ ஒரு நத்தை ஓடு
அடிக்கடி மேலே வரும்.
நான்தான் போட்டு வைக்கிறேன் என்று பிள்ளைகளுக்குச் சந்தேகம்.

சோனைமுத்து. இரண்டாம் வகுப்பு.
மே மாதத்திலிருந்து படுக்கையை நனைக்கிறான்,
பக்கத்து பெஞ்சுப் பையனைக் கடித்திருக்கிறான்
என்று படிவத்தில் அப்பா எழுதியிருந்தார்.
கட்டக்கடைசியில், வேறு பேனாவில்:
'தங்கச்சி பிறந்து இறந்தது.'

முதல் நாள் அவன் பொம்மைகளைத் தொடவில்லை.
பற்பசை வந்த அட்டைப்பெட்டியை எடுத்தான்,
நூல் கேட்டான்,
நாற்காலி முதுகில் கட்டி
ஏற்றினான், இறக்கினான்.
"இது லிப்ட்டு. நீங்க அங்கிட்டு நில்லுங்க மிஸ்."
நின்றேன்.
"ஏற முடியாது. ரிப்பேரு."

ஏழு வியாழக்கிழமைகள் ரிப்பேர்.
சிங்கம் வந்தது, ரிப்பேர்.
கால் உடைந்த போலீஸ்காரர் வந்தார்,
"படியில போங்க சார்."
சுண்டுவிரல் உயரக் குழந்தைப் பொம்மை ஒன்று.
அதை மட்டும் மேலே அனுப்பினான்.
இறக்கவில்லை.
அவன் போனதும் அதை எடுத்து
அலமாரியில் வைக்கையில்
திருடுவது போலிருக்கும் எனக்கு.

படிக்கட்டில் அம்மா காத்திருப்பாள்.
"இன்னைக்காச்சும் எதுவும் சொன்னானா?"
"விளையாண்டான்."
"வெளாட்டுத்தான் வீட்லயே வெளாடுறானே."
பாடத்தில் படித்த பதில் ஒன்று உண்டு.
அந்தப் படிக்கட்டில் நின்று அதைச் சொல்ல முடியாது.

பார்ப்பதைச் சொல்லலாம், துருவக் கூடாது.
எனக்கு விதி அது.
"லிப்ட் மேலேயே நிக்குது" என்பேன்.
"ம்" என்பான்.
கேட்காத கேள்விகள்
புளியங்கொட்டைபோல வாய்க்குள் உருளும்.

எட்டாவது வாரம் மழை. கரண்ட் இல்லை.
கீழே மெஷின் நின்றதும்
தரையின் அதிர்வு நின்றது.
நூலை என் கையில் கொடுத்தான்.
"நீங்கதான் அந்தப் பையன்."
பையன் என்ன செய்யணும், ரகசியக் குரலில் கேட்டேன்.
"பட்டனை அமுக்கி அமுக்கி வெளாடணும்."
அமுக்கினேன்.
அவன் பெரிய ஆளானான். குரல் தடித்தது.
"டேய், ஸ்ட்ரெச்சர் காத்துக் கெடக்குடா!
எல்லாம் உன்னாலதான்டா!"
அறைந்தான்,
என் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில்.

ஆக, அதுதான்.
ஆஸ்பத்திரியில், மே மாதத்தில்,
யாரோ ஒருவர், வெயிலில் வந்தவர்,
தன் அவசரத்தில் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்.
இவன் அந்தப் பட்டனிலிருந்து
இன்னும் விரலை எடுக்கவில்லை.

உன்னால் இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது.
ஆனால் நான் அந்தப் பையன். பையனுக்கு அது தெரியாதே.
"பயமாருக்கு" என்றேன். "என்னாலயா?"

நெடுநேரம் பார்த்தான்.
மணலைக் கிளறினான். நத்தை ஓடு வந்தது, தள்ளி வைத்தான்.
பிறகு காதில் பென்சிலைச் செருகி
மெக்கானிக் ஆனான்.
அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டு,
ஒற்றைக் கண்ணை மூடி,
"வயரு அத்துருக்கு.
நீ வர்றதுக்கு முந்தியே அத்துருக்கு."

"சரி பண்ணலாமா?"
"முடியாது."
யோசித்து, "படியில எறங்கு. நானும் வாரேன்."

கரண்ட் வந்தது.
விட்ட பக்கத்திலிருந்து தொடங்கியது ஜெராக்ஸ்.
பொம்மையைப் பாதிவரை இறக்கி
நூலை நாற்காலிக் காலில் முடிந்துவிட்டுப் போனான்.
அதை நான் அவிழ்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் அம்மா போன் செய்தாள்.
ராத்திரியும் நனைத்துவிட்டானாம்.
முன்பெல்லாம் விடியும்வரை
ஈரத்திலேயே கிடப்பவன்,
இப்போது நடுச்சாமத்தில் தட்டி எழுப்பி
"அம்மா, நனைஞ்சிருச்சு" என்கிறானாம்.
தூக்கமே போச்சு மேடம் என்றாள்.
குறையாகத்தான் சொன்னாள்.